ஆறு வராத சதுப்பு ஏன் கரைகிறது?

காவிரியில் வெள்ளம் வரும் ஆண்டுகளில் நம் நாளிதழ்களில் தவறாமல் ஒரு வரி இடம்பெறும்: கொள்ளிடத்தில் திறந்துவிடப்பட்ட இத்தனை ஆயிரம் கன அடி நீர் வீணாகக் கடலில் கலந்தது. கடைமடையில் தண்ணீருக்குக் காத்துக் கிடக்கும் விவசாயியின் ஆதங்கம் அதில் இருக்கிறது. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும், ஆற்று நீர் கடலோரத்தில் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு, அந்த வரியை முன்போல எளிதாகக் கடந்துபோக முடிவதில்லை.

அந்த வேலையை விளக்க அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தை எடுத்துக்கொள்கிறேன். மிசிசிப்பி ஆறு மெக்சிகோ வளைகுடாவில் கலக்கும் இடம் அது. ஆறும் சதுப்பும் பிரிந்தால் என்ன ஆகும் என்பதை அங்கே பல பத்தாண்டுகளாக அளந்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் கணக்குப்படி, 1932 முதல் 2016 வரை அந்தக் கடற்கரை இழந்த நிலம் சுமார் 4,833 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். அதாவது பதினோரு சென்னைகளுக்கு மேல் தண்ணீருக்குள் போயிருக்கிறது. போனதில் பெரும்பகுதி சதுப்பு நிலம்.

கடற்கரை அரிப்பு என்றதும் அலை வந்து மோதி மணலை வாரிக்கொண்டு போகும் காட்சிதான் மனத்தில் வரும். சதுப்பு அப்படிக் கரைவதில்லை. அலை கடைசியில் வந்து சேர்கிறது. அதற்கு வெகு முன்பே உள்ளே, வேர் மட்டத்தில், வேலை முடிந்திருக்கும்.

சதுப்பின் மண்ணை ஒருமுறை கிட்டத்தில் பார்த்தால் இது புரியும். கடல் ஓதம் ஏறி இறங்கும் தாழ்ந்த நிலம், மேலே இடுப்பளவு புல். மண்வெட்டியால் ஒரு கட்டியை வெட்டி எடுத்தால் மேல் ஒரு சாண் ஆழத்துக்கு வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். மண்ணைவிட வேர்தான் அதிகம் என்று தோன்றும். அதற்குக் கீழே பாதி மட்கிய பழுப்பு நார், அதற்கும் கீழே சாம்பல் நிறச் சேறு. கையில் அழுத்தினால் நீர் வழியும், அழுகிய முட்டை நாற்றம் வரும். அந்த நாற்றத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு ஒரு பங்கு இருக்கிறது. காலுக்குக் கீழே இருப்பது நிலம் என்பதைவிட, உயிரோடும் செத்தும் கிடக்கும் வேர்கள் சேற்றைப் பிடித்துவைத்திருக்கும் ஓர் அடுக்கு என்பதே சரி. வேர் போனால் பிடி போகும்.

இந்த அடுக்கு ஓயாமல் அமுங்கிக்கொண்டும் இருக்கிறது. கழிமுகத்து வண்டல் தன் எடையாலேயே இறுகித் தாழும், கடல்மட்டமோ உயர்கிறது. லூசியானாவின் கிராண்ட் ஐல் தீவில் இவை இரண்டும் சேர்ந்து, நிலத்தோடு ஒப்பிடக் கடல் ஆண்டுக்குச் சுமார் 9 மில்லிமீட்டர் ஏறுகிறது. அதே அளவுக்குச் சதுப்பும் ஆண்டுதோறும் உயர்ந்தால்தான் பிழைக்கும். உயர்வதற்கு அதற்கு இரண்டு வழிகள்தான் உண்டு. வெள்ளம் கொண்டுவரும் சேற்றைப் புல்லின் தாள்கள் தடுத்துப் படியவைக்கும். கூடவே, ஒவ்வோர் ஆண்டும் வளர்ந்து சாகும் வேர்கள் உள்ளிருந்தே மண்ணைப் பருக்கவைக்கும். சேறு ஆற்றிலிருந்து வர வேண்டும். வேர் வளரச் செடி நலமாக இருக்க வேண்டும், அந்த நலத்துக்கும் ஆறு வேண்டும்.

உப்பு செடியை என்ன செய்கிறது?

மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால் மறுநாள் ஜாடியில் நீர் ஊறி நிற்கும். வெளியே உப்பு அதிகமானால் உள்ளே இருக்கும் நீர் வெளியேறும் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டாம். உப்பு மண்ணில் நிற்கும் செடியின் வேரும் இதே இழுப்பைத்தான் எதிர்கொள்கிறது. சுற்றிலும் நீர் இருந்தும் அதற்குத் தாகம். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. பெரும்பாலான செடிகள் அதில் ஒரு சிறு பங்கைக்கூடத் தாங்காது.

தாங்கும் சில செடிகள் அதற்கென்றே ஏற்பாடு வைத்திருக்கின்றன. லூசியானாவின் கடல்முகச் சதுப்பு முழுவதும் விரிந்திருக்கும் ஸ்பார்ட்டினா ஆல்டர்னிஃப்ளோரா என்ற புல், உப்பில் ஒரு பகுதியை வேரிலேயே தடுத்துவிடும். மீறி உள்ளே வருவதை இலையிலுள்ள சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளும். வெயில் நேரத்தில் அதன் இலைமேல் உப்புப் பொடி மின்னுவதைப் பார்க்கலாம். நம் பிச்சாவரத்து வெண்கண்டல் மரமும் இதே வித்தை தெரிந்தது. அதன் இலையை நாக்கால் தொட்டால் கரிக்கும். ஆனால் இதெல்லாம் சும்மா நடப்பதில்லை. உப்பை வெளியேற்றச் செலவாகும் ஒவ்வொரு துளி ஆற்றலும் வேருக்கும் தாளுக்கும் போயிருக்க வேண்டியது.

இங்கே பரவலாக ஒரு தவறான எண்ணம் உண்டு. உவர்நிலச் செடிகளுக்கு உப்பு பிடிக்கும், நல்ல நீர் வந்தால் செத்துவிடும் என்று நினைப்பார்கள். ஸ்பார்ட்டினாவைப் பிடுங்கி, போட்டிச் செடிகள் இல்லாத நன்னீர்ச் சேற்றில் நட்டால் செழித்து வளர்கிறது. இயற்கையில் அது அங்கே காணப்படாததற்குக் காரணம், நன்னீர்ச் செடிகள் வேகமாக உயர்ந்து அதற்கு வெயில் கிடைக்காமல் செய்துவிடுவதுதான். அதனால்தான் கழிமுகத்தில் செடிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஆற்றுப் பக்கம் நன்னீர்ப் புற்களும் சைப்ரஸ் மரங்களும், நடுவே ஓரளவு உப்பு தாங்கும் ஸ்பார்ட்டினா பேட்டன்ஸ், கடலோரத்தில் ஆல்டர்னிஃப்ளோரா. இந்த வரிசையின் எல்லைகளை ஒவ்வோர் ஆண்டும் ஆற்றின் ஓட்டம்தான் தள்ளிவைக்கிறது. ஓட்டம் குறைந்தால் உப்பு உள்ளே நகரும். மெல்ல நகர்ந்தால் பின்னால் நிற்கும் செடி முன்னால் வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரே கோடையில் நகர்ந்தால் இருந்தது சாகும், வர வேண்டியது வந்து சேராது, நடுவில் வெற்றுச் சேறு மிஞ்சும். சதுப்பு திறந்த நீராக மாறுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

மூச்சுத் திணறல் என்றொரு தொல்லையும் உண்டு. நீர் தேங்கிய சேற்றில் பிராணவாயு கிடையாது. சதுப்புச் செடிகள் இலையிலிருந்து வேர்வரை காற்று இறங்கும் குழாய்களை உடம்புக்குள்ளேயே வைத்திருக்கின்றன. நெற்பயிர் தண்ணீரில் நிற்க முடிவதும் இதனால்தான். ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு ஓர் அளவு உண்டு. நிலம் தாழ்ந்து, வாரக்கணக்கில் நீர் வடியாமல் நின்றால் வேர் அழுகத் தொடங்கும்.

அந்த முட்டை நாற்றம் இங்கேதான் வருகிறது. கடல் நீரில் சல்பேட் உப்பு ஏராளம். பிராணவாயு இல்லாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் சல்பேட்டைப் பயன்படுத்தி மட்கைச் சிதைக்கும்போது ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகிறது. அது வேருக்கு நஞ்சு. ஆற்று வண்டலில் இரும்புச்சத்து இருக்கிறது, அது சல்பைடைப் பிடித்துக் கட்டி அதன் நஞ்சைக் குறைக்கிறது. ஆக, உப்பை நீர்த்துப்போகச் செய்வது, நிலத்தை உயர்த்துவது, நஞ்சை முறிப்பது மூன்றையும் ஒரே கலங்கல் வெள்ளம் செய்துவிட்டுப் போகிறது. மூன்றும் ஒன்றாக நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை 2000-ஆம் ஆண்டு லூசியானா பார்த்தது. வறட்சி, மிசிசிப்பியில் நீர் குறைவு. ஒரு லட்சம் ஏக்கர் அளவுக்கு ஸ்பார்ட்டினா பழுப்பேறிக் கருகியது. பிறகு மழை வந்து பல இடங்களில் துளிர்த்தது, எல்லா இடங்களிலும் அல்ல.

வேர் செத்த பிறகு அலைக்கு வேலை எளிது. சதுப்பின் விளிம்பு பெரும்பாலும் செங்குத்தாக வெட்டிய கரைபோல் நிற்கும். மேலே வேர் பின்னிய கெட்டிப் பகுதி, அடியில் வேர் எட்டாத மென்சேறு. அலை அடிப்பகுதியைக் குடையும். மேல்பகுதி கூரைபோல் நீட்டிக்கொண்டு நின்று, ஒருநாள் புல்லோடு சேர்ந்து கட்டியாகச் சரியும். உள்ளே செடி செத்த இடங்கள் முதலில் சிறு குட்டைகளாகின்றன. குட்டை அகன்றால் காற்று ஓடும் தூரம் கூடும், அலை பெரிதாகும், விளிம்பு இன்னும் வேகமாக உடையும். குட்டைகள் ஒன்று சேர்ந்தால் ஏரி. லூசியானாவின் பழைய வரைபடங்களில் பெயரோடு இருந்த பல சிற்றோடைகளும் ஏரிகளும் இன்று ஒரே திறந்த நீர்ப்பரப்பு.

கரை கட்டியதால் கரைந்தது

மிசிசிப்பி சுமார் ஏழாயிரம் ஆண்டுகளாகத் தன் வாயை மாற்றி மாற்றிச் சேற்றைக் கொட்டித்தான் தெற்கு லூசியானாவை உருவாக்கியது. வசந்த காலத்தில் பெருகும், கரை மீறும், சில இடங்களில் உடைத்துக்கொண்டு பாயும். அப்படிப் பாய்ந்த இடமெல்லாம் மேடாகும். காவிரிப் படுகையில் 'உடைப்பு' என்றால் எல்லோருக்கும் குலை நடுங்கும். லூசியானாக்காரர்களுக்கும் அப்படித்தான். 1927-இல் வந்த பெருவெள்ளம் சுமார் 70,000 சதுர கிலோமீட்டரை மூழ்கடித்து, லட்சக்கணக்கானவர்களை வீடிழக்கச் செய்தது. அடுத்த ஆண்டே சட்டம் இயற்றி, இனி உடைப்பே எடுக்காதபடி ஆற்றை இருபுறமும் உயர்ந்த கரைகளுக்குள் பூட்டினார்கள். நியூ ஆர்லியன்ஸ் நகரம் காப்பாற்றப்பட்டது. வண்டலோ சதுப்பின் பக்கம் திரும்பாமல் ஆழ்கடல் விளிம்புக்குப் போய் விழத் தொடங்கியது.

வண்டலின் அளவும் குறைந்தது. 1900-க்கு முன் ஆண்டுக்குச் சுமார் 40 கோடி டன் வண்டல் கடலுக்கு வந்ததாக மதிப்பிடுகிறார்கள். 1987 முதல் 2006 வரையிலான சராசரி சுமார் 14.5 கோடி டன். மிசூரி கிளையாற்றில் 1950-களில் எழுந்த பெரிய அணைகளுக்கு இதில் முக்கியப் பங்கு உண்டு.

இன்னொரு பக்கம் எண்ணெய், எரிவாயு நிறுவனங்கள் சதுப்பைக் குறுக்கும் நெடுக்குமாகக் கால்வாய்களால் வெட்டின. மொத்த நீளம் ஏறக்குறைய 16,000 கிலோமீட்டர் என்பார்கள். வளைந்து வளைந்து மெல்ல ஏறிய கடல்நீருக்கு நேர்க்கோட்டில் உள்ளே வர வழி கிடைத்தது. தோண்டிய சேற்றைக் கால்வாயோரம் குவித்ததால் அந்தப் பக்கம் போன நீர் வடியவும் வழியில்லை. ஒரு பக்கம் உப்பு, மறுபக்கம் தேக்கம். நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்துக்குக் குறுக்குவழியாக 1960-களில் திறந்த கப்பல் கால்வாய் ஒன்று இதில் உச்சம். அதன் வழியே ஏறிய உப்பால் சைப்ரஸ் காடுகள் நின்ற இடத்திலேயே பட்டுப்போயின. 2005-இல் கத்ரீனா புயல் வந்து போன பிறகு, 2009-இல் அதைக் கற்களைக் கொட்டி மூடினார்கள். ஆறு மெலிந்தால் பெரிய ஆற்றிலும் கடல் ஏறும். உப்பு நீர் கனமானது என்பதால் நன்னீருக்கு அடியில் ஆற்றுப்படுகையை ஒட்டி மேல்நோக்கி ஊர்ந்துவரும். 2023-இல் அப்படி ஏறியபோது குடிநீரைக் காக்க ஆற்றடியில் மண்ணால் தடுப்பு எழுப்ப வேண்டியிருந்தது.

ஆற்றைத் திறந்துவிட்டால் போதுமா?

அப்படியானால் கரையில் மதகு வைத்து ஆற்று நீரைச் சதுப்புக்குத் திருப்பிவிட வேண்டியதுதானே என்று கேட்கத் தோன்றும். விஷயம் சிக்கலாவது இங்கேதான், எனக்கு ஆர்வம் கூடுவதும் இங்கேதான்.

1991-இல் நியூ ஆர்லியன்ஸுக்குக் கீழே கெர்னார்வன் என்ற இடத்தில் மதகு திறக்கப்பட்டது. முதன்மை நோக்கம் உப்பைக் கட்டுக்குள் வைப்பது. பதினான்கு ஆண்டு கழித்துக் கத்ரீனா அந்தப் பக்கமாக வந்தபோது உப்பு மிகுந்த சதுப்புகள் பெரும்பாலும் தாங்கின. நன்னீர் சேர்ந்த சதுப்புகள் பெயர்ந்து சுருண்டன. நன்னீர்ச் செடிகளின் வேர் ஆழம் போவதில்லை என்பது ஒரு விளக்கம். மிசிசிப்பி நீரில் வடக்கே உள்ள சோள வயல்களின் உரம் கரைந்து வருவது இன்னொரு சந்தேகம். சத்து கையெட்டும் தூரத்தில் கிடைத்தால் செடி எதற்காக வேரை நீட்டிக்கொண்டு அலைய வேண்டும்? மாசசூசெட்ஸில் பிளம் தீவுப் பகுதியின் சதுப்போடைகளில் ஒன்பது ஆண்டுகள் நைட்ரஜன் சேர்த்து நடத்திய சோதனையின் முடிவு 2012-இல் வெளியானது. புல் மேலே செழித்தது, கீழே வேர் குறைந்தது, ஓடைக் கரைகள் வெடித்துச் சரிந்தன. இந்த முடிவு லூசியானாவுக்கு எவ்வளவு பொருந்தும் என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். வண்டல் நிறைந்த நீரும் உரம் மட்டும் நிறைந்த நீரும் ஒன்றல்ல என்பது என் கருத்து. அதே கெர்னார்வன் மதகுக்கு நேர் எதிரே, பிக் மார் என்ற கைவிடப்பட்ட வயற்குட்டையில், வண்டல் படிந்து புதிய நிலம் எழுந்திருக்கிறது.

நேரமும் முக்கியம். மிசிசிப்பியில் வெள்ளம் ஏறும் நாட்களில்தான் வண்டல் அதிகம். உச்சத்தைத் தாண்டி இறங்கும்போது நீர் நிறைய இருந்தாலும் சேறு குறைந்துவிடும். குளிர்காலத்தில் புல் உறங்குகிறது, அப்போது சில வாரம் மூழ்கினாலும் பெரிதாகப் பாதிக்காது. வளரும் பருவத்தில் மாதக்கணக்கில் மூழ்கடித்தால் நன்னீரே அதைக் கொன்றுவிடும். அளவு, பருவம், கலங்கல் மூன்றையும் பார்க்காமல் வெறும் கன அடியை மட்டும் எண்ணுவதில் பயனில்லை.

தானாக நடந்த ஒரு நல்ல சோதனையும் இருக்கிறது. மோர்கன் சிட்டி என்ற ஊரை வெள்ளத்திலிருந்து காக்க, மிசிசிப்பியின் கிளையான அட்சாஃபலாயாவிலிருந்து 1940-களின் தொடக்கத்தில் வாக்ஸ் லேக் என்ற வடிகாலை வெட்டினார்கள். நிலம் உருவாக்கும் எண்ணம் யாருக்கும் இல்லை. கடலடியில் முப்பது ஆண்டு வண்டல் படிந்து, 1973 வெள்ளத்துக்குப் பிறகு நீர்மட்டத்துக்கு மேலே தலைகாட்டியது. இன்று அது விரல்கள் விரிந்ததுபோல் ஒரு கழிமுகம். மேட்டில் வில்லோ மரங்கள், சற்றுத் தாழ்வில் அம்பிலைச் செடிகள், இன்னும் தாழ்வில் மஞ்சள் பூப் பூக்கும் அமெரிக்கத் தாமரை. மேட்டுக்கும் தாழ்வுக்கும் இடையே சில பத்து சென்டிமீட்டர்தான் வித்தியாசம். ஒன்றைக்கூட யாரும் நடவில்லை.

அந்த நம்பிக்கையில்தான் மிட்-பராடாரியா என்ற பெருந்திட்டம் வந்தது. நொடிக்கு 75,000 கன அடி வரை வண்டல் நீரைத் திருப்பும் மதகு, செலவு சுமார் 300 கோடி டாலர். 2023 ஆகஸ்ட்டில் பணி தொடங்கியது. நன்னீர் பாய்ந்தால் சிப்பியும் இறாலும் அழியும் என்று மீனவர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் பயம் பொய்யல்ல. உப்பு ஏறிய நீரில் பல பத்தாண்டுகளாக அமைந்த தொழில் அது. செலவும் வழக்குகளும் சேர்ந்துகொள்ள, 2025 ஜூலையில் மாநில அரசு திட்டத்தைக் கைவிட்டது.

காவிரியின் கடைசிப் பக்கம்

நம் கழிமுகத்தில் நிலைமை வேறு. மிசிசிப்பியின் நீர் கடலுக்கு வருகிறது, சதுப்பைத் தொடாமல் போகிறது. காவிரியில் நீரே பெரும்பாலும் வந்து சேர்வதில்லை. கிருஷ்ணராஜ சாகரும் 1934-இல் முடிந்த மேட்டூர் அணையும் தொடங்கிப் பல தேக்கங்கள் வெள்ளத்தையும் வண்டலையும் மேலேயே பிடித்துக்கொள்கின்றன. பயிருக்குப் பிரித்தது போக முத்துப்பேட்டைக் காயலில் விழும் கோரையாறு, பாமணியாறு போன்றவற்றில் மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் வருவது மிகக் குறைவு.

முத்துப்பேட்டைக் காட்டில் படகில் போனால் கண்ணுக்கெட்டும் தூரம் வெண்கண்டல்தான். உப்பை நன்றாகத் தாங்கக்கூடிய மரம் அது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையிலுள்ள பிச்சாவரத்தில் சுரபுன்னையும் வேறு பல இனங்களும் இன்னும் இருக்கின்றன. ஆனால் அவ்வளவு உப்பைத் தாங்காத சொன்னரேஷியா அபெட்டாலா போன்ற மரங்கள் அங்கும் அருகிவிட்டன.

பழியெல்லாம் ஆற்றின் மேல் போட முடியாது. ஆங்கிலேயர் காலம் முதல் 1970-கள் வரை இந்தக் காடுகளைப் பாத்தி பாத்தியாக முழுவதும் வெட்டி எடுத்தார்கள். வெயில் நேராக விழுந்த சேறு காய்ந்து தாழ்ந்து பள்ளமானது. ஏறிய ஓதநீர் வடியாமல் அங்கேயே ஆவியாகி, கடலைவிடக் கரிக்கும் மண்ணை விட்டுச் சென்றது. 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், வனத்துறையோடும் ஊர்மக்களோடும் சேர்ந்து மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டியது. நடுவே ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளைகள். ஓதம் தினமும் உள்ளே வந்து போனதில் தேங்கிய உப்பு கழுவப்பட்டது. மொட்டையாகக் கிடந்த இடங்களில் மரம் வந்தது.

ஆனால் அந்தக் கால்வாய்களில் ஓடுவது கடல் நீர். கடலைவிட அதிகமாக மண்ணில் தேங்கிய உப்பை அது கழுவும், தன் உப்பை அதனால் கழற்றிவிட முடியாது. அதனால் அங்கே பெரும்பாலும் நட்டதும் நிலைத்ததும் வெண்கண்டலே. உப்பு தாங்காத மரங்கள் திரும்புவதற்கு வேண்டிய நன்னீரைக் கால்வாய் வெட்டிக் கொண்டுவர முடியாது. அது மழைக்காலத்தில் கொள்ளிடத்திலும் கோரையாற்றிலும் கலங்கலாக வந்து சேர வேண்டும்.